செம்பில் வெட்டிய பெயர்

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது.

இங்கே தோட்டத்தில் எல்லாரும் சுகம். கீழ் லயத்துப் பெரியம்மாவின் பேரன் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை கட்டாருக்குத் திரும்புகிறான். அவன் கையில் மாசி, இடித்த மிளகாய்த்தூள், இரண்டு கிலோ தேயிலை கொடுத்திருக்கிறேன். தேயிலை கடையில் வாங்கியதில்லை, ஸ்டோரில், நம் தேயிலைத் தொழிற்சாலையில், வேலை செய்யும் பையனிடம் சொல்லி வைத்து வாங்கினது. அந்தப் பைக்குள்ளேதான் இந்தக் கடிதமும் இருக்கும். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். நான் போனில் பேசி அனுப்பினால் இரண்டு நீலக் கோடு விழுகிறது, பதில்தான் வருவதில்லை. கடிதத்தில் அந்தக் கோடு கிடையாது. அது எனக்கும் நல்லதுதான்.

அங்கே வெயில் குறைந்துவிட்டதா? சைட்டில் நிற்கும்போது தண்ணீர் குடி. தாகம் எடுத்த பிறகு குடித்துப் பிரயோசனமில்லை, எடுக்கும் முன்னே குடிக்க வேண்டும். அப்பாவுக்குக் கல் வந்தபோது பட்ட பாடு உனக்குத் தெரியும்தானே. நீ ரூம் மாறிவிட்டாய் என்று அந்தப் பையன் சொன்னான். புது இடத்தில் சமைக்க வசதி உண்டா என்று ஒரு வரி போட்டிருந்தால், மாசி அனுப்புவதா பருப்புப்பொடி அனுப்புவதா என்று நான் யோசித்துக்கொண்டு நின்றிருக்க மாட்டேன்.

உன் பெண்சாதியும், எனக்கு அவள் மகள்தான், உங்கள் குட்டியும் இன்னும் இங்கேதான் இருக்கிறார்கள். ஆகஸ்ட் லீவுக்கு வத்தளையிலிருந்து வந்தவர்கள். பள்ளிக்கூடம் தொடங்கி மூன்று வாரமாகிறது. நான் எதையும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்த பிள்ளையிடம் ஏன் வந்தாய், எப்போது போவாய் என்று கேட்கும் பழக்கம் நமக்கில்லை. குட்டியின் படிப்பு கெடக்கூடாது என்று நம் அதிபரிடம் பேசி, இங்கே நாலாம் ஆண்டில் உட்கார வைத்திருக்கிறேன். முப்பத்திரண்டு வருஷம் அந்தப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்ததற்கு இந்த ஒரு சலுகையாவது கிடைத்தது. எனக்கு நீ அனுப்பும் காசு ஐந்தாம் திகதி பிந்தாமல் வருகிறது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மற்றவர்களுக்கு வருவதையும் வராததையும் நான் கேட்கவில்லை.

எழுத வந்தது வேறு விஷயம். குட்டியின் வகுப்பில் சுற்றாடல் பாடத்துக்குக் குடும்ப மரம் வரைந்து வரச் சொன்னார்களாம். கொப்பியில் ஒரு மரத்தை வரைந்து, வேர்ப் பக்கம் இரண்டு கட்டம் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தாள். நம் மரத்துக்கு வேர் யார் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. உன் கல்யாணத்தன்று சோறு ஆறும் வரை அப்பா மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்ன கதைதான். பெரிய பூட்டனும் பெரிய பூட்டியும். நானும் அப்படியே சொன்னேன். முசிறிப் பக்கத்திலிருந்து கல்யாணம் முடித்த நாலாம் மாதம் புறப்பட்டது, தோணியில் தலைமன்னாரில் இறங்கி மன்னார்க் காட்டு வழியாக மாத்தளைக்கு ஏறக்குறைய 150 மைல் நடந்தது, வழியில் வாந்திபேதி கண்ட பெரிய பூட்டியைப் பெரிய பூட்டன் தம்புள்ளையிலிருந்து முதுகில் சுமந்தது, மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் வாசலில் இறக்கி வைத்துவிட்டு அழுதது, கையில் மிஞ்சினது கல்யாணச் சீராக வந்த பித்தளைச் செம்பு ஒன்றுதான் என்பது. அப்புறம் பெரிய பூட்டன் ஊருக்கு ஆள் கட்ட, தோட்டத்துக்கு வேலையாள் சேர்க்க, போய் நாலு வருஷம் வராமல் இருந்ததும், பெரிய பூட்டி தினமும் வாசலில் விளக்கு வைத்துக் காத்திருந்ததும், அவர் திரும்பி வந்ததும்.

மகள் குசினியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். முதுகில் சுமந்த இடம் வரை இருந்தாள். விளக்கு வைத்த இடத்தில் எழுந்து வெளியே போய்விட்டாள்.

குட்டிக்கு வருஷம் வேண்டுமாம். எந்த வருஷம் வந்தார்கள், எந்த வருஷம் கல்யாணம், எல்லாம் கட்டத்துக்குள் எழுத வேண்டுமாம். உன் மகளல்லவா, அளவு தெரியாமல் விடமாட்டாள். நீயும் இந்த லயத்திலிருந்து முதன்முதலாகப் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போனவன் என்பதை அவளிடம் நாளைக்கு இரண்டு தரமாவது சொல்கிறேன். எனக்குத் தெரிந்ததை வைத்துக் கணக்குப் போட்டோம். தலைமன்னாருக்கு ரயில் வந்தது 1914-ல். இவர்கள் நடந்து வந்தவர்கள், ஆகவே அதற்கு முன். காப்பிக் காலத்தில் ஆண்கள்தான் அதிகம் வந்தார்கள், பழம் பறித்து முடிந்ததும் ஊருக்குத் திரும்பிவிடுவார்கள். 1869-ல் காப்பி இலையில் நோய் விழுந்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தோட்டமெல்லாம் தேயிலையாக மாறியது. தேயிலைக்கு வருஷம் முழுக்கக் கொழுந்து உண்டு, பெண்களின் கையும் வேண்டும். அப்போதுதான் குடும்பம் குடும்பமாக ஆள் கேட்டார்கள். ஆகவே அதற்குப் பின். அவர்கள் பிள்ளையான பூட்டன் பிறந்தது 1900 வாக்கில் என்பதால் 1890-களின் நடுவில் என்று எழுதச் சொன்னேன். கல்யாண வருஷத்துக்குத்தான் ட்ரங்குப் பெட்டியை இறக்க வேண்டி வந்தது.

அந்தப் பெட்டியைத் திறந்தது தப்பா சரியா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

மேலாக இருந்தது பூட்டனின் மகனான உன் தாத்தாவின் பிறப்புச் சாட்சிப் பத்திரம். இங்கிலீஷில் இருக்கிறது. பெற்றோர் விவாகம் செய்தவர்களா என்று ஒரு கட்டம் உண்டு பார், அதில் எழுதியிருப்பதைக் குட்டி எழுத்துக்கூட்டி "நோ" என்று உரக்க வாசித்துவிட்டாள். "ஏன் அப்பாயி நோ?" என்றாள். தோட்டத்தில் கோயில் முன்னால் மஞ்சள் கயிறு கட்டினால் அது கல்யாணம், போய்ப் பதிந்து கையெழுத்துப் போட்டால்தான் அரசாங்கத்துக்குக் கல்யாணம், நம்மவர்கள் யாரும் பதியப் போகவில்லை, அந்தக் காலத்துப் பத்திரங்களில் இந்த நோ சாதாரணம் என்று விளக்கினேன். நீ வயிற்றில் இருக்கும்போது நானும் அப்பாவும் ஹட்டனுக்குப் போய்ப் பதிந்தோம், அந்தக் கட்டத்தில் உனக்கு ஆம் என்று இருக்க வேண்டும் என்பதற்காகவே. அன்றைக்கு பஸ் இல்லாமல் டிக்கோயா வரை நடந்தோம். அதையும் குட்டியிடம் சொன்னேன். அவள் அம்மாவும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அடியில் பூட்டனுடைய பிரஜாவுரிமை விண்ணப்பத்தின் பிரதி இருந்தது. 1948-ல் சட்டம் வந்து நாமெல்லாம் நாடில்லாதவர்கள் ஆனோம். அடுத்த வருஷம் இன்னொரு சட்டம் போட்டு, விண்ணப்பிக்கலாம் என்றார்கள். கடைசித் திகதி 1951 ஆகஸ்ட் 5. கல்யாணமானவர்கள் 1946-க்கு முன் ஏழு வருஷம் தொடர்ந்து இங்கே இருந்ததைக் காட்ட வேண்டும், ஆகாதவர்கள் பத்து வருஷம். கல்யாணத்துக்கு மூன்று வருஷம் தள்ளுபடி! பெண்சாதி பிள்ளைகளும் இங்கேயே இருந்ததாகக் காட்ட வேண்டும். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வெளியே போயிருந்தால் கணக்கு முறிந்துவிடும். பூட்டனின் பெண்சாதி பிள்ளைப்பேற்றுக்கு ஊருக்குப் போய் காய்ச்சலில் படுத்து பதினாலு மாதம் கழித்து வந்தவள். இரண்டு மாதத்தில் போனது நம் பிரஜாவுரிமை. ஒரு பெண் தாய் வீட்டில் எத்தனை நாள் இருந்தாள் என்று அரசாங்கம் எண்ணிப் பார்த்திருக்கிறது. நான் இப்போது அப்படியெல்லாம் எண்ணவில்லை, அதையும் சொல்லி வைக்கிறேன்.

அந்த விண்ணப்பத்தில் பூட்டனுடைய தகப்பன் பெயர் இருக்கிறது, நாம் சொல்லும் அதே பெயர். குட்டி அதைக் கட்டத்தில் எழுதிக்கொண்டாள். அப்புறம் செம்பைப் பார்க்க வேண்டும் என்றாள். எடுத்துக் கொடுத்தேன். கழுத்தடியில் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும் பெயரை வாசித்தாள். "இது வேற பேரு அப்பாயி" என்றாள். கடைக்காரர் பெயர் என்றேன். தாத்தா அப்படித்தான் சொல்லுவார், நீயும் அப்படிக் கேட்டுத்தான் வளர்ந்தாய். ஆனால் மகன், பாத்திரக் கடையில் வாங்குகிறவன் பெயரைத்தானே வெட்டுவார்கள்? அறுபத்தெட்டு வயது வரைக்கும் எனக்கு இது தோன்றவில்லை. ஒன்பது வயதுப் பிள்ளைக்குத் தோன்றிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை நீ எடுப்பாய் என்று போனைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். நீ எடுக்கவில்லை. சரி என்று கோத்தகிரிப் பாட்டிக்கு, தாத்தாவின் தங்கச்சிக்கு, எடுத்தேன். பாட்டிக்கு எண்பத்தெட்டு. குரல் மட்டும் அப்படியே இருக்கிறது. 525,000 பேர் அங்கே, 300,000 பேர் இங்கே, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று 1964-ல் இரண்டு பிரதமர்களும் கொழுந்து நிறுப்பதுபோல் நம்மை நிறுத்தார்களே, அதில் தாத்தா இந்தத் தட்டில், தங்கச்சி அந்தத் தட்டில். பாட்டி 1971-ல் அழுகைக் கோச்சி என்ற ரயிலில் ஏறி, தலைமன்னாரில் ராமானுஜம் கப்பல் பிடித்துப் போனவர். அங்கேயும் போய்த் தேயிலைதான் பறித்தார், அரசாங்கத் தோட்டத்தில். பெரிய பூட்டியின் மடியில் படுத்துத் தூங்கியவர்களில் மிஞ்சியிருப்பவர் அவர் ஒருத்திதான்.

செம்பில் இருக்கும் பெயரை வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டது என்று நினைத்தேன். பிறகு பார்த்தால் சிரிக்கிறார்.

"கடக்காரன் பேரா? அண்ணன் அப்பிடியா சொல்லி வச்சிருக்கு? அது எங்க தாத்தன் பேருடி!"

போன் ஸ்பீக்கரில் இருந்தது. மகளும் பக்கத்தில் இருந்தாள். நான் ஸ்பீக்கரை நிறுத்தப் போனேன், அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பெரிய பூட்டன் முதுகில் தூக்கி வந்தது நிஜம்தானாம். அதை யாரும் மறுக்கவில்லை. இந்தத் தோட்டத்தில் பேர் பதிந்து, ஒரு பெண்பிள்ளையும் பிறந்து, மூன்றாம் வருஷம் அவர் ஊருக்கு ஆள் கட்டப் போனார். போகும்போது கங்காணியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு போனார். திரும்பி வரவில்லை. நாலு வருஷமில்லை மகன், வரவேயில்லை. அங்கே இன்னொரு குடும்பம் என்று பிறகு வந்த ஆட்கள் சொன்னார்களாம். அவர் வாங்கின பணம் பெரிய பூட்டியின் பற்றுக் கணக்கில் ஏறியது. துண்டில், அந்தக் கடன் சீட்டில், கடன் நிற்கும் வரை தோட்டத்தை விட்டுப் போகவும் முடியாது. பிள்ளையை மடுவத்துக் கொட்டகையில் விட்டுவிட்டு மழையில் நின்று பறித்திருக்கிறாள். கங்காணியிடம் கடன் குறைந்தபாடில்லை. விளக்கு வைத்த கதை எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். "வெளக்கா? எண்ணெ யாரு குடுத்தா?" என்றார்.

எதிர் லயத்தில் கவ்வாத்து வெட்டும் ஆள் ஒருவர் இருந்தார். பெண்சாதி செத்துப் போனவர். வேறு ஊர், வேறு ஆட்கள். என்ன ஆட்கள் என்று பாட்டி சொன்னார், நான் இங்கே எழுதவில்லை. எழுதினால் நம் சொந்தத்தில் பாதிப் பேர் இனி என் வீட்டில் தண்ணீர் குடிக்க யோசிப்பார்கள். "ஒரு நா விடியக்கால பெரட்டுக்கு அவன் காம்பராவுல இருந்து வந்தா. அம்புட்டுத்தான் கல்யாணம்" என்றார் பாட்டி. தாலி கட்டவில்லையா என்று கேட்டேன்.

"தாலிதான் கட்டல. அவ கடன கட்டினான்."

பெரிய பூட்டியின் பற்று முழுவதையும் தன் துண்டில் ஏற்றச் சொல்லி அவர் கங்காணி முன்னால் போய் நின்றாராம். பூட்டன் அவருக்குப் பிறந்த பிள்ளைதான். ஆனால் தோட்டத்துப் பேர்ப்பதிவான செக்ரோலில் பெரிய பூட்டி பழைய ஆளின் பெண்சாதி என்றே கிடந்ததால், பிள்ளைக்கும் கணக்கப்பிள்ளை அந்தப் பெயரையே போட்டுவிட்டார். மாற்றச் சொல்லி யார் போய்க் கேட்பது? 1951-ல் விண்ணப்பம் எழுதும்போது பூட்டனுக்கு எல்லாம் தெரியும். தகப்பன் பெயர் ஒரு கடதாசியில் ஒரு மாதிரி, இன்னொன்றில் வேறு மாதிரி இருந்தால் பிரஜாவுரிமை போய்விடும் என்று பேசாமல் இருந்துவிட்டார். பிரஜாவுரிமையும் கிடைக்கவில்லை, பெயரும் திரும்பவில்லை. 1921-ல் துண்டு முறையே ஒழிந்தது. அதற்குப் பிறகு வந்த தீபாவளிக்கு இரண்டு பேரும் ஹட்டனுக்குப் போய் வாங்கின செம்புதான் அது. பெரிய பூட்டி நின்று பார்த்துக்கொண்டே அவர் பெயரை வெட்டச் சொன்னாளாம். கடல் கடந்து வந்த சீர்வரிசை என்று நாம் பூஜை அறையில் வைத்துப் பொட்டு வைத்தது இதற்குத்தான்.

இப்போது சொல்லப் போவதை உட்கார்ந்து வாசி.

போன தீபாவளிக்கு முந்தின வாரம் மகள் எனக்குப் போன் எடுத்தாள். அழுதாள். என்ன சொன்னாள் என்று நான் எழுத மாட்டேன். அதில் பாதியை நான் கேட்கவும் இல்லை, கேட்க விடவும் இல்லை. பெரிய பூட்டி கதையை எடுத்துவிட்டேன். "நாலு வருஷம் ஒரு வார்த்தை பேசாமல் விளக்கு வைத்துக் காத்திருந்தாள், நீ பத்து மாதத்துக்கே அழுகிறாயே" என்றேன். குடும்பம் என்றால் அப்படித்தான், பொறுத்துப் போ என்றேன். என்னிடம் பேசியதை உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னேன். "சரி மாமி" என்றாள். அதற்குப் பிறகு அவள் என்னிடம் அழவில்லை. நானும் பிள்ளை சமாளித்துக்கொண்டாள் என்று சந்தோஷப்பட்டேன், பெருமையும் பட்டேன். உனக்கு மாசம் மாசம் எல்லாம் நலம் என்று சொன்னேன்.

இல்லாத விளக்கைக் காட்டி ஒரு பிள்ளையின் வாயை அடைத்திருக்கிறேன். தெரியாமல் சொன்னேன் என்று சொல்லிக்கொள்ளலாம். கதை பொய் என்பதுதான் எனக்குத் தெரியாது. அவள் அழுதது நிஜம் என்பது தெரியும். அப்பாவோடு நான் எப்படி இருந்தேன் என்று உனக்கு நினைவிருக்கும், சம்பள நாளில் பாயைச் சுருட்டிக்கொண்டு அடுத்த காம்பராவுக்கு ஓடியவன் நீ. அன்றைக்கு என்னிடமும் யாரோ இந்தக் கதையைத்தான் சொன்னார்கள். நானும் அதை அப்படியே வைத்திருந்து அவளுக்குக் கொடுத்திருக்கிறேன். இதை நான் இன்னும் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. பக்கத்துக் காம்பராவில் இருக்கிறவளிடம் சொல்ல வாய் வராமல் கட்டாருக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன் பார்.

நீ கெட்டவன் என்று நான் நினைக்கவில்லை. ஆள் கட்டப் போனவரும் முதலில் முதுகில் சுமந்தவர்தான். அது ஒன்றுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

பாட்டி போனை வைத்த பிறகு மகள் செம்பை எடுத்துக்கொண்டு போய்ப் பீலியடியில் புளி போட்டுத் தேய்த்தாள். ஒரு மணி நேரம் தேய்த்தாள். இப்போது அந்தப் பெயரைத் தூரத்திலிருந்தே வாசிக்கலாம். குட்டி வேர்ப் பக்கம் மூன்றாவது கட்டம் ஒன்று போட்டு அந்தப் பெயரை எழுதிவிட்டாள். இரண்டு தாத்தாமார் எழுதினால் டீச்சர் பிழை போடுவாரா என்று கேட்டாள். போட்டால் நான் வந்து பேசுகிறேன் என்றேன். மேலே உன் பெயரையும் அவள் அம்மா பெயரையும் எழுதியிருக்கிறாள். வத்தளை என்று எழுதவா, கட்டார் என்று எழுதவா, இந்தத் தோட்டத்தின் பெயரை எழுதவா என்று கேட்டாள். அதை அப்பாவிடம் கேள் என்று சொல்லிவிட்டேன்.

வரும் ஞாயிற்றுக்கிழமை நான் கோயிலுக்குப் போகவில்லை. காலையிலிருந்து வீட்டில்தான் இருப்பேன். போன் என் கையில் இருக்கும், மகள் எடுக்க மாட்டாள், அந்தப் பயம் வேண்டாம். என்ன நடந்தது என்று சொல்ல வேண்டுமென்றால் சொல். சொல்ல முடியாவிட்டால் குட்டியோடு மட்டும் பேசு. பொறுத்துப் போ என்று அவளுக்கும் நான் இனிச் சொல்ல மாட்டேன், உனக்கும் சொல்ல மாட்டேன். ஆனால் எடு.

தண்ணீர் குடி.

இப்படிக்கு,
அம்மா

பி.கு.: தேயிலைப் பக்கெட்டைப் பிரித்தால் டின்னில் போட்டு இறுக்கி மூடி வை, அங்கத்தைய காற்றுக்கு வாசம் போய்விடும். அந்தப் பையனுக்கு ஒரு தேத்தண்ணி ஊற்றிக் கொடு. அவன் என்னிடம் ரூம் விஷயம் மட்டும்தான் சொன்னான், வேறு எதுவும் சொல்லவில்லை. அவனைக் கோபித்துக்கொள்ளாதே.